விருந்தினரா, வீட்டாரா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. கடந்த கோடையில் அவ்வழியே பேருந்தில் வந்தபோது, பொறியியல் பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவர் நம் அருகில் அமர்ந்து தடித்த ஆங்கில நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவில்கூடக் கண்ணை எடுத்தாரில்லை. என்ன நூல் என்று வினவினோம். "சாமிங்க எல்லாம் வேலையில்லாம அமெரிக்காவுல அலையறாங்க, ஃபாதர்" என்றார். இப்படியும் ஒரு கதையா என்ற வியப்பில் நூலை இரவல் கேட்டோம். தயக்கத்தோடுதான் தந்தார். அத்தயக்கத்தின் காரணம் முதல் சில அத்தியாயங்களிலேயே நமக்கு விளங்கிற்று. கூச்சப்பட வேண்டிய பக்கங்கள் அந்நூலில் சில உண்டு. இருப்பினும் முழுவதும் வாசித்து முடித்தோம். வாசிக்க வாசிக்க, நம் இளமையில் குருமடத்து நூலகத்தில் படித்த தமிழ்ச் சிறுகதை ஒன்று நெஞ்சில் எழுந்து நின்று வாதாடத் தொடங்கிற்று. இரண்டையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரை.

நீல் கெய்மன் 2001-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் காட்ஸ்' என்பதே அந்நாவல். பிறந்த மண்ணை விட்டுக் குடிபெயர்ந்த மக்கள் தத்தம் தெய்வங்களையும் உள்ளத்தில் சுமந்து அமெரிக்கா சென்றனர். பேரப் பிள்ளைகள் அத்தெய்வங்களை மறந்தனர். மறக்கப்பட்ட தெய்வங்கள் பிழைக்க வழியின்றித் தெருவில் நிற்கின்றன. எகிப்தியத் தெய்வங்கள் சிற்றூர் ஒன்றில் சவ அடக்க நிலையம் நடத்துகின்றன. சிலாவியர்களின் இருள் தெய்வம் சிகாகோ நகரின் இறைச்சிக் கூடத்தில் மாடடித்து ஓய்வுபெற்று, மங்கிய அடுக்குமாடி வீட்டில் முடங்கிக் கிடக்கிறது. வடபுலத்து நோர்ஸ் மக்களின் தலைமைத் தெய்வமாகிய ஓடின், மிஸ்டர் வெட்னஸ்டே என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று ஏமாற்றிப் பிழைக்கிறார். பெயர்ப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்தில் புதன்கிழமை ஓடினின் நாள், வியாழக்கிழமை தோரின் நாள். திருமுழுக்குப் பெற்று ஆயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும் ஆங்கிலேயர் நாள்காட்டியில் அவர்கள் குடியிருக்கிறார்கள். போர்த்துகீசியர் மட்டும், ஆறாம் நூற்றாண்டில் பிராகா நகரின் ஆயர் மார்ட்டின் கண்டித்ததன் விளைவாக என்பர், வார நாட்களை இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என எண்ணிட்டு அழைக்கின்றனர். நாமோ புதன், வியாழன் என்று கோள்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஞாயிறு திருப்பலிக்கு வருகிறோம்; ஒரு குறையும் நேரவில்லை!

நாவலின் சிறந்த பகுதிகள் அதன் நீண்ட கதையோட்டத்தில் இல்லை. இடையிடையே வரும் குடிபெயர்ந்தோர் கதைகளில் உள்ளன. கி.பி. 813-இல் புதுக்கரையில் இறங்கிய நோர்ஸ் மாலுமிகள் தம் தெய்வங்களுக்குப் பலியிடுகின்றனர். பின்னர் அம்மண்ணின் மக்களால் கொல்லப்படுகின்றனர். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து லெய்ஃப் அங்குச் சென்று சேரும்போது அவனுடைய தெய்வங்கள் அவனுக்கு முன்னரே கரையில் காத்திருக்கின்றன. பக்தன் மடிந்தபின் தெய்வம் தனியே நிற்கும் அக்காட்சி நம்மை உலுக்கியது. ஆனால் நூல் முழுவதும் தெய்வங்களுக்கு ஒரே ஒரு தேவைதான்: பசி. மனிதர் நினைத்தால் உண்டு, மறந்தால் இல்லை. அன்பு செய்யும் தெய்வம் ஒன்றையேனும் ஆசிரியரால் கற்பனை செய்ய இயலவில்லை என்பதே நம் குறை. ஓடின் உலக மரத்தில் ஒன்பது இரவுகள் ஈட்டிக் காயத்தோடு தொங்கியதாகப் பழைய நோர்ஸ் பாடல்கள் கூறும். கல்வாரியை நினையாமல் அதைப் படிக்க எந்தக் கிறிஸ்தவராலும் இயலாது. எனினும் ஓடின் தொங்கியது தனக்காக, மறைஞானம் பெறுவதற்காக. தன்னையே தனக்குப் பலியிட்டுக்கொண்டார். வேறுபாடு அவ்வளவுதான்; ஆனால் அதுதான் எல்லாம்.

குடிபெயரும் தெய்வத்தைக் காண அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. நாம் பணிபுரியும் இச்சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் மலையாளிகள்) ஒரு மரபுக்கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் அது பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்தில் இருப்புக் கொள்ளாமல் கரிராமன் என்ற தெய்வம் புதிய உறைவிடம் தேடிப் புறப்பட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற உடன்பிறந்தார் மூவர் தம் குடும்பத்தோடு உடன் புறப்பட்டனர். சேலம் சீமைக்கு வந்ததும் வழிகள் பிரிந்தன; மூத்தவர் சேர்வராயன் மலைக்கு வந்து சேர்ந்தார். கெய்மனின் கதைக்கு இது நேர் மாறு. அங்கே மக்கள் போகிறார்கள், தெய்வம் மூட்டையோடு மூட்டையாகப் போகிறது. இங்கே நகரம் பிடிக்காமல் போனது தெய்வத்துக்கு, மக்கள் பின்தொடர்ந்தார்கள். மலை உச்சியில் குகை போன்ற தாழ்ந்த கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் உறைகின்றனர். ஆண்டுதோறும் மே மாத விழாவுக்கு மலைச் சிற்றூர்கள் யாவும் திரளும். அங்கு யாரும் தெய்வம் பசித்திருப்பதாகச் சொல்லக் கேட்டதில்லை. மலையே அவர்தாம் என்கிறார்கள்; அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசும் குரலில் அதைச் சொல்கிறார்கள்.

இனி அந்தத் தமிழ்ச் சிறுகதை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னைப் பிராட்வே முனையில், டிராமில் போவதா நடந்து போவதா என்று காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை. (1953-க்குப் பின் சென்னையில் டிராம் இல்லை, அந்தக் கணக்கு மட்டும் பேருந்து நிலையங்களில் இன்றும் நடக்கிறது.) திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வரும் முதியவர் கடவுள். இருவரும் ஓட்டலில் காப்பி அருந்துகின்றனர். கடவுள் அதன் சுவையில் மயங்க, அது சிக்கரி செய்யும் மாயம் என்று பிள்ளை விளக்குகிறார். காப்பி விளையும் மலையில் இருந்துகொண்டு அப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் நமக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. பின்பு கடவுள் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். பிள்ளையின் வீட்டில் விருந்தினராகத் தங்குகிறார். பிள்ளையின் நான்கு வயது மகள் அவரைத் தாத்தா என்று பற்றிக்கொள்கிறாள். உழைத்துப் பிழைக்கலாம் என்று தேவியோடு செல்வர் ஒருவர் வீட்டில் ஆடிக் காட்டுகிறார். இது கலையன்று எனத் திருப்பி அனுப்பப்படுகிறார். இறுதியில், மனிதருக்கு விலகி நின்று வரம் தர இயலுமே அன்றிக் கூடி வாழ இயலாது என்று மனம் நொந்து மறைகிறார்.

கடவுளைக் கேலி செய்யும் கதை என்று இதை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. குருமடத்தில் நமக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவரும் அவ்வாறே கருதினார். நாம் உடன்படவில்லை. கதையில் கேலிக்கு உள்ளாவது கடவுளைவிட, வரம் கேட்டே பழகிப்போன நம் பக்திதான். கந்தசாமிப் பிள்ளை வந்தவர் கடவுள் என்று அறிந்த பின்னும் வரம் எதுவும் கேட்கவில்லை. சிறு கபடமும் சிக்கனமும் நிறைந்த மனிதர்தாம். சந்தாவை வாங்கிக்கொள்ள மறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறு போடுகிறார். லிஸ்திரா நகரத்தாரை நினைத்துப் பாருங்கள் (திருத்தூதர் பணிகள் 14). பர்னபாவைச் சேயுசு என்றும் பவுலை எர்மசு என்றும் நம்பி, காளைகளையும் மாலைகளையும் கொண்டு ஓடி வந்தார்கள். ஒருவரேனும், "உள்ளே வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று அழைத்ததாக லூக்கா எழுதவில்லை. பவுல் மேல் கல்லெறிந்த கூட்டமும் அதே நகரில்தான் திரண்டது.

அப்படியானால் அக்கடவுள் ஏன் தோற்றார்? இங்கேதான் புதுமைப்பித்தனோடு நமக்கு வழக்கு. அவருடைய கடவுள் வரும்போதே சட்டைப் பையில் நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறார். அவருக்கு ஊரில் தாய் இல்லை, தொழில் இல்லை, கடன் இல்லை, காய்ச்சல் இல்லை. பிழைக்க வேண்டும் என்று வந்தபோதும் தச்சு வேலையோ மூட்டை தூக்கும் வேலையோ தேடவில்லை. கயிலையில் ஆடிய அதே நடனத்தைக் காசாக்கப் பார்த்தார். அதாவது, கடவுளாகவே இருந்துகொண்டு மனிதரோடு வாழப் பார்த்தார். எந்நேரமும் திரும்பிப் போகத்தக்கவர் விருந்தினரே அன்றி வீட்டார் ஆக மாட்டார். நாசரேத்துக்காரரோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு சிற்றூரில் இருந்தார். இவர் தச்சர் அல்லவா, மரியாவின் மகன் அல்லவா என்று ஊரார் முகம் சுளிக்கும் அளவுக்கு அவர்களுள் ஒருவராகிப்போனார் (மாற்கு 6). அவர் வேறானவர் என்பது அண்டை வீட்டாருக்கே தெரியவில்லை. இறைவன் மனிதரோடு வாழ இயலாது என்று புதுமைப்பித்தன் முடிக்கும் இடத்தில்தான் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் தொடங்குகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைப்பது நேர்மையன்று. இந்நூல்களை வாசித்துக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், மழை பிடித்த ஒரு மாலைப்பொழுது, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் முதியவர் ஒருவர் நம் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். தலையில் சாக்குக் கொங்காணி, கையில் ஒன்றுமில்லை. நாம் கட்டடக் கணக்கில் மூழ்கியிருந்தோம். என்ன வேண்டும் என்று கேட்டோம். நின்றுகொண்டே இருந்தார். மேசை இழுப்பறையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினோம். "காசுக்கு வரலீங்க சாமி. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். உட்காரச் சொன்னோம், ஆனால் கணக்கேட்டை மூடவில்லை. அவர் அதைப் பார்த்தார். மழை விட்டதும் போய்வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்; மழை உண்மையில் விட்டிருக்கவில்லை.

அன்று இரவு புதுமைப்பித்தனின் கதையை மீண்டும் எடுத்தபோது ஒரு பக்கம்கூட நகரவில்லை. விலகி நின்று வரம் தரும் வேலையை நாமே செய்திருந்தோம். பத்திரிகைச் சந்தா வாங்கும் கந்தசாமிப் பிள்ளையின் அளவுக்குக்கூட நாம் தேறவில்லை.

இளைஞரிடம் நாவலைத் திருப்பிக் கொடுக்கையில் அச்சிறுகதையின் படி ஒன்றையும் உள்ளே வைத்துக் கொடுத்தோம். அடுத்த வாரம் முதியவரின் லைன் வீட்டைத் தேடிச் சென்றோம். பூட்டியிருந்தது. தருமபுரிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், காப்பிப் பறிப்புக்குத் திரும்பிவிடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பறிப்பு கார்த்திகையில் தொடங்கும்.