நரம்பும் நகலும்: தனியிசைக்கும் நால்வர் இசைக்கும் பதிவொலிகளைத் தேர்தல்

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவியின் விரல்கள் யாழின்மேல் செய்யும் தொழில்களை உந்தல், உருட்டல் என்று பெயர் சொல்லி எண்ணுகிறார் இளங்கோவடிகள். அந்த யாழ் வழக்கொழிந்து போயிற்று. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947-இல் வெளியிட்ட 'யாழ் நூல்' அதன் நரம்புக் கணக்கை நமக்கு மீட்டுத் தந்தது. ஆனால் மாதவியின் விரற்பழக்கம் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. இன்று கணினி வழியாக வயலின் ஓசையை விலைக்கு வாங்கும் நம்மவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சாம்பிள் லைப்ரரி என்பது பதிவொலித் தொகுப்பு. தேர்ந்த கலைஞர் ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் பலமாகவும், நீட்டியும் வெட்டியும் வாசிக்கச் செய்து பதிந்துகொள்வார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அதற்குரிய பதிவு ஒலிக்கும். 1963-இல் இங்கிலாந்தில் வந்த மெல்லோட்ரான் இதையே ஒலிநாடாவில் செய்தது. இன்று வியன்னா சிம்பொனிக் லைப்ரரி போன்ற தொகுப்புகள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வில் கடக்கும் கணத்தையும் தனியே பதிந்து வைத்திருக்கின்றன. நாட்டிய நாடகத்துக்கும் குறுந்தகடுக்கும் வீட்டிலிருந்தே இசை அமைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவிதான்.

நகல் வெற்றி பெற்ற இடத்துக்கு நம் பெங்களூரே சாட்சி. இவ்வூரின் ஜி. ராஜ்நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞர். அவர் உருவாக்கிய மின்னணுத் தம்புரா கச்சேரி மேடைவரை சென்றது. பின்னால் வந்த கருவிகள் சில, உண்மைத் தம்புராவின் பதிவொலியையே உள்ளே வைத்துக்கொண்டன. இது எப்படிச் சாத்தியமாயிற்று? தம்புராவில் நான்கு தந்திகள். அவற்றை அழுத்திப் பிடிப்பதில்லை, மீட்டுவதோடு சரி. ஜீவா நூலைச் சரியாகச் செருகிப் பதிந்துவிட்டால் மீதி வேலை திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான்.

வயலின் கதை வேறு. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் இடத்தில் நிற்பதே இல்லை; மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். பதிவொலியோ நின்ற சுரம். கீபோர்டின் வளைக்கும் சக்கரத்தால் அதை அசைத்தால் சுரத்தோடு வயலினின் மரப்பெட்டி அதிர்வும் சேர்ந்து நகர்கிறது. காதுக்கு வயலின் சுருங்கி விரிவதுபோல் இருக்கிறது. மேலைநாட்டு முறையில் சுரத்தை நடுக்கி வாசித்த பதிவாக இருந்தால் நடுக்கத்தின்மேல் கமகம் ஏறி, கேட்கவே சங்கடம். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாடல்கள் அதே தொகுப்பில் அழகாக அமைந்துவிடும். காசு கொடுத்து வாங்கியாச்சு, எல்லா ராகமும் வரும் என்று நினைப்பதுதான் தவறு.

இரண்டாவது சிக்கல் ஆள் கணக்கு. பெருங்குழுவில் பதினாறு வயலின்கள் சேரும்போது நகலின் குறை கூட்டத்தில் மறைந்துவிடும். தனி வயலினில் ஒளிய இடமில்லை. பெருங்குழுப் பதிவை வைத்து நால்வர் இசை அமைத்தாலோ இன்னும் மோசம்: நான்கு குரலுக்கு நான்கு கட்டை அழுத்தினால் நான்கு படை கிளம்பும்! வி.எஸ். நரசிம்மன் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைக் கேட்டவர்களுக்கு நால்வர் இசை என்னவென்று தெரியும். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கீர்த்தனையை ஒருவர் கமகத்தோடு கொண்டுபோக, மற்றவர்கள் அவர் மூச்சைக் கவனித்துத் துணைக் குரல் சேர்க்கிறார்கள். நால்வரும் ஒருவரையொருவர் கேட்பதுதான் அதன் உயிர். தனித்தனி நாளில் பதிந்த ஒலிகளுக்குள் அந்தச் செவி கிடையாது.

ஆகவே வாங்குமுன் சில சோதனைகள். ஒரே சுரத்தை எட்டுமுறை வேகமாக அழுத்துங்கள். எட்டும் அச்சடித்ததுபோல் ஒலித்தால் தனியிசைக்கு உதவாது. நடுக்கமில்லாத பதிவு தனியாக உண்டா என்று பாருங்கள். நால்வர் இசைக்கு ஒவ்வொரு கருவியும் ஒற்றை ஆள் வாசித்ததாக இருக்கட்டும். பெரிய மண்டபத்தின் எதிரொலியோடு பதிந்ததைத் தவிருங்கள். உங்கள் வீட்டு அறையில் பாடிய பாட்டோடு அது ஒட்டாது. கமகமே முக்கியம் என்றால் சுவாம் போன்ற கணக்கீட்டு முறை வயலினைக் கேட்டுப் பாருங்கள். அதில் பதிவு கிடையாது. வில்லழுத்தத்தையும் சுருதியையும் கணினி அந்த நொடியே கணக்கிடுகிறது. நாதத்தில் கொஞ்சம் வறட்சி, வளைவில் சுதந்திரம்.

என் தீர்ப்பு இதுதான்: துணைக் குரல்களுக்குத் தொகுப்பு போதும், முதல் குரலுக்கு ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். மூன்று நகலின்மேல் ஒரே ஒரு உண்மை வயலின் வந்தால் முழுப்பாட்டும் நிமிர்ந்து உட்காரும். மல்லேஸ்வரத்தில் மைசூர் சௌடய்யாவின் நினைவாக வயலின் வடிவத்திலேயே மண்டபம் எழுப்பிய ஊர் இது. இங்கே வயலின் கற்கும் நம் பிள்ளைகள் ஏராளம். சங்கத்து விழாவுக்கு அவர்களில் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னால், சுருதி சற்று விலகினாலும் அந்தக் கை தேறும். அவர்களை விட்டுவிட்டுப் பெட்டியை ஓட்டினால், மாதவியின் யாழுக்கு நேர்ந்தது வயலினுக்கும் நேரும்; ஒலி மட்டும் பத்திரமாக இருக்கும்.