தகட்டின் மறுபக்கம்

பழைய கார் ஒன்று பளபளவென்று நின்றால் எல்லோரும் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் கதவைத் திறந்து அதன் அடி விளிம்பின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார். வெளிப்பக்கம் பெயிண்டருடையது, உட்பக்கம் தகட்டு வேலை பார்க்கும் டிங்கருடையது. பெயிண்டரின் கைவண்ணத்தை நின்றபடியே ரசித்துவிடலாம். டிங்கரின் வேலையை ரசிக்கக் குனிய வேண்டும். சில சமயம் காருக்கு அடியில் மல்லாந்து படுக்கவும் வேண்டும்.

இந்த வேலையின் தரத்தை எடைபோடக் கொட்டிவாக்கத்தைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. கிழக்கே வங்கக் கடல், நடுவே ஈ.சி.ஆர். மதியம் எழும் கடல்காற்று வீட்டுக்காரருக்குச் சுகம், போர்ட்டிகோவில் நிற்கும் காருக்கு எமன். காற்றோடு வரும் உப்பு தகட்டில் படிந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பே நீரை உறிஞ்சிக் கரைந்து நசநசக்கத் தொடங்கும். இங்கே பெரும்பாலான இரவுகளில் அது நடக்கிறது. ஆகவே துருப்பிடிக்க மழை வேண்டியதில்லை. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயிண்ட் கொப்புளிப்பது அதனால்தான். பெரும்பாலும் உள்ளிருந்து தொடங்குவதால், கொப்புளம் கண்ணில் படும்போது தகடு பாதி போயிருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வடிய அடியில் விட்ட துளைகள் மண்ணால் அடைபடும். முன்கண்ணாடி பீடிங்குக்குக் கீழே, மிதியடிக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தில், பேட்டரித் தட்டில் ஈரம் தங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கிய கார்களில், கண்ணுக்குத் தெரியாத மூடிய பகுதிகளில் சேறு தேங்கியது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். டிங்கர்கள் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

வண்டி கட்டும் வேலை சென்னைக்குப் பழைய தொழில். 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டிகள் செய்தது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் உருவாக்கிய நீராவிக் கார் 1903இல் இந்த ஊர்த் தெருக்களில் ஓடியது. பிறகு பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை வந்தது. 1961 முதல் ஹெரால்டு கார் நம் ஊர்த் தயாரிப்பானது. ஜியோவான்னி மிச்செலாட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த கார் அது. வீட்டிலேயே கார் பழுதுபார்க்க ஆசைப்படுபவருக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது. தனிச் சேஸிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கம் சாயும். துருப்பிடித்த பகுதியைக் கழற்றி மர பெஞ்சில் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம்.

1958 முதல் 2014 வரை வந்த அம்பாசிடரின் கதை வேறு. அதற்குப் பாடிதான் சட்டம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி அரித்துப்போனால் வண்டியே நடுவில் தொய்ந்துவிடும். கதவைத் தூக்கிச் சாத்தவேண்டி வந்தால் அதுதான் அறிகுறி. தேர்ந்த டிங்கர் அங்கே எடுத்தவுடன் கட்டரைத் தொட மாட்டார். அடியில் முட்டுக் கொடுப்பார், கதவு இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகே வெட்டுவார். முட்டில்லாமல் வெட்டினால் கோணிய நிலையிலேயே ஒட்டுப்போட நேரும். கதவு அப்புறம் ஆயுசுக்கும் சரியாகச் சாத்தாது.

ஒட்டுப்போடும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பு வரும்வரை போய், அதற்கும் சற்று அப்பால் வெட்டுவார்கள். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து வெட்டுவது நல்ல கைக்கு அடையாளம். கூர்மூலையில் சூடு குவியும், பின்னால் விரிசலும் அங்கிருந்துதான் கிளம்பும். அளவெடுக்க ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். அதை ஓட்டைமேல் வைத்து விரலால் அழுத்தித் தடம் எடுத்து, 20 கேஜ் தகட்டில் வரைந்து வெட்டுகிறார்கள். அந்தத் தகட்டின் கனம் சுமார் 0.9 மில்லிமீட்டர். மணல் மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, தட்டையாக இருந்தது மட்கார்டின் வளைவுக்கு வந்துவிடும்.

அடுத்து கேஸ் வெல்டிங். ஆக்சிஜனும் அசிட்டிலினும் சேர்ந்த சுடர் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்புத் தகடு 1,500 டிகிரியை ஒட்டி உருகிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகட்டில் அந்தச் சுடரைக் கையாள்வதில் இருக்கிறது வித்தை. ஒரே இழுப்பாக வைத்தால் தகடு விரிந்து நெளிந்துவிடும். அதனால் ஒரு மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, நடுவில் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து ஆறவிடுவார்கள். அவசரக்காரருக்கு இந்த வேலை ஆகாது.

அப்படியும் எங்கோ ஓரிடம் புடைத்து நிற்கும். அங்கே நாலணா அளவுக்குச் சுடரைக் காட்டிச் சிவக்க வைத்து, பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஈரத் துணியை வைத்து ஒற்றுவார் டிங்கர். சுர்ரென்று ஆவி கிளம்பும். விரிந்த தகடு சுருங்கி இறங்கும். பிறகு தட்டுவது முழுக்கக் காதை நம்பித்தான். சுத்தியலும் டாலியும் நேருக்கு நேர் சந்தித்தால் கணீரென்று கேட்கும், விலகினால் மொத்தென்று கேட்கும். மிருதங்க வித்வான் கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்ப்பது மாதிரி, பார்க்க முடியாத பக்கத்தை ஓசையால் அறிந்துகொள்கிறார். கடைசியில் அரத்தைப் படுக்கவாட்டில் ஓட்டுவார். மேடு பளிச்சிடும், பள்ளம் கருப்பாகவே இருக்கும். பள்ளத்தை உள்ளிருந்து தட்டித் தூக்கி, மறுபடியும் அரம்.

இந்த இடத்தில்தான் நல்ல வேலையும் சுமாரான வேலையும் பிரிகின்றன. தகட்டிலேயே மட்டம் வந்துவிட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் பட்டி போதும். தட்டச் சோம்பல்பட்டால் ஓட்டையில் வலையை வைத்து, விரல் தடிமனுக்குப் பட்டியை அப்பி, வாட்டர் பேப்பர் போட்டு வழித்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடலாம். டெலிவரி எடுக்கும் அன்று இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் துரு தொடரும். இரண்டு ஐப்பசி போவதற்குள் மொத்தமும் பெயர்ந்து விழும். சந்தேகம் இருந்தால் சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும்.

வீட்டுக்காரர் தானே செய்யக்கூடியதும் நிறைய உண்டு. ஓட்டை விழாத மேல்துருவைத் தேய்த்து எடுத்து பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசலாம். அது மீதித் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும் பாஸ்பேட் படலம்தான் காரணம் என்று ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிறுத்திவிடக் கூடாது. அதன் வழியே ஈரம் ஊடுருவும், மேலே பெயிண்ட் அவசியம். கதவுத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள், மூடிய பகுதிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சுங்கள், அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஈரமான கார் கவரை மட்டும் போடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது மாஸ்க் வேண்டும். வெல்டிங்கை டிங்கரிடமே விட்டுவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கம் நெருப்பே கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவி நிறைந்த டேங்கைவிட ஆபத்து.

சொந்தக் காருக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கிறோம். கொட்டிவாக்கத்துக் கடல் ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. பார்க்கிறது. அதில் தேறுவது தகட்டு வேலை மட்டுமே. ஆகவே வண்டியை டிங்கரிடம் விடும்போது ஒன்றைச் சொல்லிவையுங்கள்: பட்டி போடுவதற்கு முன் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு நேரில் போய் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வேலை நன்றாக இருந்தால் பாராட்டையும் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள். மறுநாள் அந்த வேலை பெயிண்டுக்கு அடியில் போய்விடும். அப்புறம் அதைப் பாராட்ட ஆள் இருக்காது.