எட்டு நொடி மூச்சு

மெல்லோட்ரான் என்னும் இசைக்கருவி குறித்து இருவேறு தீர்ப்புகள் வழங்கப்படுவதுண்டு. இசைக்குழுவின் இடத்தைப் பறிக்க வந்த போலி என்பது ஒன்று. அதன் குறைகளே அதன் அழகு என்பது மற்றொன்று. கருவியின் உள்ளே நிகழ்வதை அறிந்தால், இரண்டும் பாதி உண்மையே என்பது விளங்கும்.

அமெரிக்கரான ஹாரி சேம்பர்லின் அமைத்த கருவியை அடியொற்றி, 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மெல்லோட்ரான் உருவாயிற்று. 1970-இல் வெளிவந்த எம் 400 என்னும் வடிவத்திற்கு 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஓர் ஒலிநாடா; அதில், கலைஞர்கள் வயலினிலோ குழலிலோ அந்த ஒரு சுரத்தை மட்டும் இசைத்த பதிவு. கட்டையை அழுத்தினால், இடைவிடாது சுழலும் தண்டோடு நாடா சேர்ந்து, ஒலியைப் படிக்கும் காந்தத் தலையைக் கடந்து ஓடுகிறது. விரலை எடுத்ததும் சுருள்வில் அதனைத் தொடக்கத்திற்கே இழுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ எட்டு நொடிகளில் நாடா தீர்ந்துவிடும், பின்னர் மௌனம்தான்.

நாடாவை வளையமாக ஒட்டியிருந்தால் ஒலி முடிவின்றி நீண்டிருக்குமே எனலாம். ஆனால் வில் நரம்பைத் தொடும் முதல் உரசலும், குழலில் நுழையும் முதல் மூச்சும் அப்போது ஒவ்வோர் அழுத்தலிலும் கிடைத்திரா. மேலும், மோட்டாரின் வேகம் சற்றே தளர்ந்தாலும் சுரம் நடுங்கும். பல கட்டைகளை ஒருங்கே அழுத்தினால் அதன் சுமை கூடும். தனித்தனியே பதிவானமையால், அடுத்தடுத்த இரு சுரங்களின் குணமும் முற்றிலும் ஒத்திராது.

1967-இல் வெளியான பீட்டில்ஸ் குழுவினரின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலின் தொடக்கக் குழலோசை இக்கருவியினுடையது. லிவர்பூலில் ஜான் லெனன் சிறுவயதில் அறிந்திருந்த ஓர் இடத்தின் பெயரே அப்பாடலுக்கு வாய்த்தது. தெளிந்த, நேரடியான குழலோசை அங்கே பொருந்தியிருக்குமா? எங்கோ, என்றோ ஊதப்பட்டு, மங்கி, நடுங்கி வரும் ஒலியே நினைவின் ஒலியாக நம்மைத் தொடுகிறது.

குறையே அழகு என்போர் ஒன்றை மறக்கின்றனர். வெறும் மின்னொலியையும் நடுங்கச் செய்யலாம். அது நம் நெஞ்சைத் தொட்டுவிடாது. இங்கு நடுங்குவது மனித மூச்சு. போலி என்போரின் அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் தன் உறுப்பினர்களின் பிழைப்பை எண்ணிக் கவலை கொண்டது. ஒருமுறை ஊதியவரின் மூச்சை எத்தனையோ விரல்கள் எடுத்தாள, ஊதியவர் யாரென்று கேட்போர் அறியார். அந்தக் கடனை எந்தப் புகழுரையும் தீர்த்துவிடாது.

ஆயினும் இக்கருவி தன்னை வாசிப்பவருக்கு ஒரு பணிவைக் கற்பித்தது. எட்டு நொடிக்குள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வேறு கட்டைகளில் வைத்தே அவர் இசையை நீட்டிக்க இயலும். பிறர் மூச்சைக் கடன் வாங்கியவர், அம்மூச்சின் எல்லைக்குள்தான் வாசித்தாக வேண்டும்.