முத்திரை எட்டாத வயல்

நியாய வர்த்தகம் என்ற பெயரில் இன்று இரண்டு ஏற்பாடுகள் உலவுகின்றன. ஒன்று, பொருளின் மேல் ஒட்டப்படும் முத்திரை. 1988இல் நெதர்லாந்தில் மெக்சிகோவின் சிறு விவசாயிகள் விளைவித்த கோப்பிக்காகத் தொடங்கியது அது. மற்றது, ஒரு நிறுவனத்தின் முழு நடத்தையையும் பத்துக் கோட்பாடுகளால் அளந்து பார்த்து உலக நியாய வர்த்தக அமைப்பு தரும் சான்று. இலங்கையில் முதலாவதைத் தேயிலைப் பெட்டிகளில் காண்கிறோம். இரண்டாவதைக் குருநாகலின் செலின் கைத்தறி நிறுவனம் பெற்றிருக்கிறது. சம்மாந்துறை வட்டைகளில் விளையும் நெல்லையும் மருதமுனைத் தறியில் இறங்கும் சாறனையும் வைத்து இவற்றை எடைபோட்டால், இவற்றின் பலமும் குறையும் தெளிவாகத் தெரிகின்றன.

பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2001இல் உலகச் சந்தையில் ஒரு இறாத்தல் கோப்பி 50 அமெரிக்கச் சதத்துக்கும் கீழே விழுந்தபோது, முத்திரையின் கீழ் விற்றவர்களுக்கு 1.26 டொலர் கிடைத்தது. சந்தை எவ்வளவு சரிந்தாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற அந்த வரம்பு பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தது. அதே வரம்பு நமக்கும் காகிதத்தில் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று உத்தரவாத விலை அறிவித்தது. ஆனால் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல் வேண்டும். இயந்திரத்தால் வெட்டியதும் வயலிலிருந்து வருவது ஈர நெல். காயவைக்கக் களம் இல்லாதவர் தார் வீதியில் பரப்புகிறார். மழை இருட்டினால் வயல் வரம்புக்கு வந்து நிற்கும் லொறிக்கே கொடுத்துவிடுகிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல், விலை எப்போது தீர்மானமாகிறது என்பது. பசளைக்கும் எண்ணெய்க்கும் உழவுக்கும் கடைக்காரரிடமோ மில் முதலாளியிடமோ கடன் வாங்கி, அறுவடையில் நெல்லாகத் தருவதாகச் சொன்னவருடைய விலை விதைப்பு நாளிலேயே முடிந்துபோகிறது. அதன் பிறகு வரும் உத்தரவாத விலை அவருக்கு வெறும் செய்தி. முத்திரை முறையில் இதற்கு ஒரு மருந்து உண்டு: விவசாயிகளின் சங்கம் கேட்டால், வாங்குபவர் ஒப்பந்தத் தொகையில் 60 வீதம் வரை முற்பணம் தர வேண்டும் என்ற விதி. எனினும் அது ஏற்றுமதிக்காகச் சங்கமாகத் திரண்டவர்களுக்கான விதி. உள்ளூரிலேயே சோறாகிவிடும் நெல்லை அது தொடுவதில்லை.

இங்கே நம் இஸ்லாமிய மார்க்கச் சட்டம் வெகுகாலம் முன்பே சிந்தித்திருக்கிறது. விளைச்சலுக்கு முன் வாங்கும் 'ஸலம்' உடன்படிக்கையில் முழுப் பணமும் முன்கூட்டியே கைமாற வேண்டும். அளவும் தரமும் தவணையும் குறிக்கப்பட வேண்டும். சந்தை விலை அறியாத வியாபாரக் கூட்டத்தை வழியிலேயே மறித்து வாங்குவதை நபிகளார் தடுத்தார்கள். வயல் வரம்பிலேயே நிற்கும் லொறியை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பேன். விலை நிர்ணயிக்க நபிகளார் மறுத்ததைச் சொல்லி அடிப்படை விலையை எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனால் வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஆட்டும்போது அதிகாரம் தலையிடலாம் என்று மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா வாதிட்டதை அவர்கள் மறக்கலாகாது. அளவை, கடன், தகவல் ஆகியவற்றில் தொடங்கும் இந்தப் பார்வை, விலையில் தொடங்கும் முத்திரையைவிட ஆழமானது.

முத்திரையின் பெரிய குறையைத் தேயிலைத் தோட்டங்கள் காட்டுகின்றன. அங்கு முத்திரைக்காக வாங்குபவர் விலைக்கு மேல் தரும் மேலதிகத் தொகை தொழிலாளர் குழுவிடம் போய், சமூகத் தேவைகளுக்குச் செலவாகிறது. நல்ல காரியந்தான். ஆனால் நாட்சம்பளம் 1000 ரூபாயானது பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில், சம்பளச் சபை வழியாக. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியை முத்திரை தீர்மானிப்பதில்லை என்பதை வாங்குபவர் அறியமாட்டார்.

மருதமுனைக்கு இரண்டாவது வகைச் சான்றே பொருந்தும். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கைத்தறி அடிபட்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊரையே அடித்தது. எஞ்சிய தறிகளில் பல, முதலாளி தரும் நூலில் துண்டுக் கூலிக்கு ஓடுகின்றன. வீட்டில் பெண்கள் நூல் சுற்றும் நேரம் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதே இல்லை. நிறுவனத்தின் உள்நடத்தையைப் பார்க்கும் சான்று இந்தக் கணக்கைக் கேட்கும். ஆனால் அதற்கான கட்டணமும் பத்திரங்களும் நாலைந்து தறிக்காரருக்குச் சுமை. வெளிநாட்டு வாங்குநர் தேடுவது பொம்மையும் மேசை விரிப்பும். நம் ஆண்கள் உடுக்கும் சாறனை வாங்குகிறவர் கல்முனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும்தான் இருக்கிறார்.

ஆகவே சான்றுக்குக் காத்திருக்காமல் அதன் கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். கமக்காரர் அமைப்புகள் களமும் களஞ்சியமும் கேட்டு, ஸலம் முறையில் முன்கூட்டியே பணம் தந்து வாங்கக்கூடியவர்களைத் திரட்டலாம். நெசவாளர் சங்கம் ஒவ்வொரு சாறனிலும் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, நெய்தவருக்கும் நூல் சுற்றியவருக்கும் எவ்வளவு என்று சீட்டில் அச்சிட்டு ஒட்டலாம். பெருநாள் வியாபாரத்தில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லும்போது, அது யாருடைய பங்கிலிருந்து குறைகிறது என்பது அப்போது வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும்.