யார் முதலில் போன் செய்வது?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, அது அமலாக நான்கு மணி நேரமே இருந்தது. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் பலரும் ஓடுவது புதுச்சேரி ஜிப்மருக்குத்தான். கடலூரைத் தாண்டினால் இருபது கிலோமீட்டர் சொச்சம். இடையில் முள்ளோடையில் ஓர் எல்லை இருக்கிறது என்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பொருட்படுத்தியதே இல்லை. அந்த எல்லை மூடப்பட்டது, பஸ் நின்றது, பிறகு ஈ-பாஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே மிஞ்சியது போன்.

அந்த நாட்களில் கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், புற்றுநோயாளியான தம் மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்து, கடலூர் மாவட்டத்தைக் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் மிதித்து ஜிப்மர் போய்ச் சேர்ந்தார். மருத்துவர்கள் சிகிச்சை தந்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பிவைத்தனர். கணவரின் அன்பைப் பற்றி நாடே பேசியது. எனக்கு எழுந்த கேள்வி வேறு: தேதி தவறப்போகும் நோயாளிகளைப் பட்டியலில் பார்த்து, ‘வர வேண்டாம், இப்படிச் செய்யுங்கள்’ என்றோ ‘கட்டாயம் வாங்க, வண்டிக்கு ஏற்பாடு செய்கிறோம்’ என்றோ முன்கூட்டியே சொல்வது யார் வேலை?

போன் வழி மருத்துவத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதில் பரவலான வகைக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டு ஓடும். கடைசிக் கட்டம் பெரும்பாலும் வீட்டில்தான்: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், இடையிடையே ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுண்ட். உள்ளூர் லேபில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இந்த வாரம் அரை மாத்திரை போதும்’ என்று பதில் வாங்குவதற்குப் போன் தாராளமாகப் போதும். ஒருநாள் கூலியும் மிச்சம். கூட்டத்தில் பிள்ளையை உட்காரவைக்கும் ஆபத்தும் இல்லை. இதைத் தொடங்க ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது என்பதுதான் வெட்கம்.

ஆனால் இந்த எளிய வேலையிலேயே ஒரு கண்ணி உண்டு. போன் அப்பா கையில், மாத்திரை கொடுப்பது அம்மா. வாரம் ஒருமுறை கொடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொடுத்துவிடுவது உலகெங்கும் அறியப்பட்ட, உயிர்க்கொல்லித் தவறு. அதனால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மாத்திரை கொடுக்கிறவரே ‘எந்தக் கிழமை, எத்தனை’ என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது சார்’ என்றுதான் பதில் வரும். அதற்கு மதிப்பில்லை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளி தாமே அழைத்தால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளலாம்; மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ அழைத்தால் வெளிப்படையாகச் சம்மதம் பெற வேண்டும். நோயாளியின் உரிமை என்ற வகையில் இது சரியே. ஆனால் தேவை உள்ளவர் கூப்பிடுவார் என்ற நினைப்பு இதற்கு அடியில் இருக்கிறது. நம் பக்கத்தில் அது நடப்பதில்லை. ‘டாக்டரைத் தொந்தரவு பண்ணக் கூடாது’ என்பதை மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம்.

காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். 2020 மே மாதத்தில், கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியே கடலூர் மாவட்டத்தில் தொற்று மளமளவென்று ஏறியிருந்தது. தொற்று வந்த வீட்டைத் தகரம் வைத்து அடைத்த காலம். அப்போது ‘பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று வாய்திறக்க எந்தத் தாய்க்கும் தயக்கம் வந்திருக்கும். துணிந்து எண்ணை அழுத்தினாலும் முதலில் கேட்டது இருமலோடு தொடங்கிய கொரோனா எச்சரிக்கை! இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செவிலியர் கூப்பிட்டு, ‘தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தீங்களாம்மா, எவ்வளவு இருக்கு?’ என்று கேட்டால் அந்தத் தயக்கம் உடையும்.

சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் இதே தயக்கத்தின் நீட்சிதான். 79 நாடுகளில் 213 மருத்துவ நிறுவனங்களிடம் கேட்டு, 2021இல் லான்செட் குழுமத்தின் இதழொன்றில் வெளியான ஆய்வில், கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சையைக் கைவிடுவது கூடியதாக மூன்றில் ஒரு பங்கினர் சொல்லியிருந்தனர். பணம், பயணம், பயம் எல்லாம் காரணம்தான். ஆனால் தேதி தவறிய மறுநாளே ஆஸ்பத்திரி கூப்பிடுகிற இடத்தில், விட்டுப்போன குடும்பம் குறைந்தபட்சம் கண்ணில் படும்.

கெட்ட செய்தி சொல்வதற்குப் போன் உதவாது. அதற்காக நேர்ப்பேச்சு அப்போது நன்றாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. நோய் திரும்பிவிட்டது போன்ற செய்தியைச் சொல்ல 2000இல் வெளியான ஆறு படிகள் கொண்ட முறை ஒன்றைப் பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன் முதல் படியே தனி இடம், வேண்டியவர்கள் உடனிருத்தல். ‘ஒரு நோயாளிக்கு ஒரு துணை’ என்ற கொரோனா கால விதி அதை முதலிலேயே அடித்துவிட்டது. கவச உடைக்குள்ளிருந்து வரும் குரலைத் தனியாக நின்று கேட்டுக்கொண்ட தாய், அதையே ஊரிலிருக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் போனில் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். மருத்துவரின் வேலை தாயின் தலையில் விழுந்தது. வீடியோ அழைப்பில் அப்பாவையும் சேர்த்துக்கொண்டு மருத்துவரே பேசியிருக்கலாம். முகக்கவசமில்லாத முகத்தையாவது குடும்பம் பார்த்திருக்கும்.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. அதே தொலைமருத்துவ நெறிமுறைகள் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் போன்வழி எழுதித்தரத் தடை விதித்தன. மார்ஃபின் அதில் அடங்கும். இனிக் குணமாகாது என்று வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையின் வலிக்குப் போனில் ஆறுதல் கிடைக்கும், மருந்து கிடைக்காது. தவறான கைக்குப் போகக் கூடாது என்ற அச்சம் நியாயம்தான். விலை கொடுப்பது வலியில் இருக்கும் பிள்ளை.

2020 நவம்பர் இறுதியில் நிவர் புயல் வந்தபோது கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பஸ் மறுபடி நின்றது. இந்தக் கரையில் இனியும் நிற்கும்; அப்போதெல்லாம் ஜிப்மருக்குப் பதில் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. கவுண்ட் பார்க்க, காய்ச்சலுக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட, பெற்றோர் இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஜிப்மர் மருத்துவரைத் திரையில் அழைக்க அந்த இடம் போதும். தேவை, ஒரு பெயர்ப்பட்டியலும், தினமும் அதைப் பார்த்து எண்ணை அழுத்த நியமிக்கப்பட்ட ஓர் ஆளும்.