ஆபிஸ் இல்லாத ஊரில் விலாசம்

கண்டியில் ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், விலாசம் வீட்டுக்கு இல்லை, தோட்டத்துக்குத்தான். கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு வந்து சேரும். ஒரே தோட்டத்தில் இரண்டு ராமசாமி இருந்துவிட்டால், மேல்லயத்து ராமசாமிக்கு வந்த கடிதத்தைக் கீழ்லயத்து ராமசாமி பிரித்துப் படித்திருப்பார்.

கணினி வலையமைப்பில் இந்த ஆபிஸ் வேலையைச் செய்வது டி.எச்.சி.பி. 1993இல் நெறிமுறையாக வந்தது. சேர்வர் ஒன்று பேரேட்டை வைத்துக்கொண்டு, வருகிற கருவிக்கெல்லாம் விலாசமாக ஓர் ஐ.பி. இலக்கம் கொடுக்கும். நம் வீட்டு ரவுட்டருக்குள் இருப்பதும் அதுதான். ஆனால் மண்சரிவில் கம்பிகள் அறுந்து, தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிட்ட மலையில் ஆபிஸுக்கு எங்கே போவது? அங்கே கருவிகளே ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிச் செய்தி கடத்த வேண்டும். மேனெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நடமாடும் தற்காலிக வலை இதுதான். அதில் யார் யாருக்கு இலக்கம் கொடுப்பது என்ற கேள்வியைச் சுற்றித்தான் பல நெறிமுறைகள் எழுந்தன.

பேராதனையில் பொறியியல் படித்த நாட்களில் இதைக் கண்ணால் பார்த்தோம். அக்பர் பாலத்தின் இரு கரையிலும் நாலைந்து லெப்டொப்களை வைத்து, இரு பக்கமும் 10.0.0.1 முதல் கையாலேயே இலக்கம் போட்டோம். ஒரு நண்பன் தன் லெப்டொப்பைத் திறந்தபடி பாலத்தில் நடந்தான். நடுப்பாலத்துக்கு வந்ததும் இரண்டு வலையும் அவன் வழியாக ஒன்றாகிவிட்டன. ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் எங்கள் பிங் கட்டளைக்கு 10.0.0.3இலிருந்து பதில் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. எந்தக் கரையிலிருக்கும் 10.0.0.3 பதில் சொல்கிறது என்பதுதான் மாறிக்கொண்டிருந்தது. கீழே மகாவலி அதுபாட்டுக்கு ஓடியது.

அதனால் ஒரு நெறிமுறையை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு வலை கலக்கும்போது அது என்ன செய்யும்?

மிகப் பழைய எண்ணம், கண்ணை மூடிக்கொண்டு ஓர் இலக்கத்தை எடுத்து, வேறு யாரிடமாவது இது இருக்கிறதா என்று கூவிக் கேட்பது. பின்னாளில், 2005இல் வந்த ஆர்.எஃப்.சி. 3927 என்ற இணைய ஆவணம், 169.254 என்று தொடங்கும் 65,024 இலக்கங்களை இதற்கென ஒதுக்கியது. 65,024 தாராளம் என்று தோன்றும். ஆனால் 300 கருவிகள் குருட்டுவாக்கில் எடுத்தாலே, ஏதோ இரண்டு மோதுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எசல பெரஹரா இரவில் தலதா வீதியின் ஒரு மூலையிலேயே 300 கைபேசி இருக்காதா? அதிலும் இந்தக் கூவல் பக்கத்தில் நேரே கேட்கக்கூடியவர்களோடு நின்றுவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போகாது.

அந்தப் பழைய எண்ணத்தின் குறையைத் தீர்க்கப் பார்த்தது 2002இல் சங்கேத் நேசர்கியும் ரவி பிரகாஷும் முன்வைத்த மேனெட்கான்ஃப். புதியவருக்கு இலக்கம் தருமுன் வலை முழுவதிடமும் சம்மதம் கேட்கும். பேரேட்டின் பிரதி ஒவ்வொருவரிடமும் இருக்கும். நேர்மையான முறைதான். ஆனால் ஆட்கள் வந்து போய்க்கொண்டேயிருக்கிற வலையில் சம்மதம் கேட்பதிலேயே பொழுது போய்விடும்.

இன்னொரு கூட்டம் பாகப்பிரிவினையை நம்பியது. தன்னிடமுள்ள இலக்கத் தொகுதியில் பாதியைப் புதியவருக்கு வெட்டிக் கொடுத்தால் போதும், ஊரைக் கேட்க வேண்டியதில்லை. சொல்லாமல் கிளம்பிப் போனவரின் பங்கு தரிசாகக் கிடக்கும், அவ்வளவுதான். 2003இல் வந்த புரோஃபெட், இலக்கங்களைச் சூத்திரத்தால் பிறப்பித்தது. கணக்கு அழகு. வலைகள் கலக்கும் இடத்தில் அதற்கும் திணறல்தான்.

என் மனம் போவது நிதின் வைத்யாவின் பக்கம். 2002இல் அவர் கேள்வியையே மாற்றினார். இரண்டு ராமசாமி இருந்தால் என்ன, கடிதம் சரியான ஆளிடம் போனால் போதாதா? இலக்கத்தோடு ஒரு சாவியையும் சேர்த்து வழிகாட்டும் செய்திகளில் அனுப்பினார். நம் ஊரில் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுவதுபோல. வழிகாட்டும் நெறிமுறையையே திருத்தினாலொழிய இது நடக்காது என்பது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். கிலியன் வெனிகர் அதையும் தவிர்க்கப் பார்த்தார். அவருடைய பாக்மேன் எதையும் கேட்காது, ஒட்டுக்கேட்கும். நான் இன்னும் போடாத வரிசை எண்ணோடு என் பெயரில் ஒரு கடிதம் போகிறதென்றால், என் பெயரில் வேறொருவர் இருக்கிறார்.

தரம் என்று பார்த்தால் கையில் கிடைப்பது கொஞ்சம். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். இதற்கென ஒரு குழு வைத்திருந்தது. 2010இல் வந்த அதன் ஆர்.எஃப்.சி. 5889 விலாசம் எப்படி அமைய வேண்டும் என்று சொன்னது. எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஒரு நெறிமுறையைத் தரமாக்காமலே குழு கலைந்தது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் இலக்கத்தின் பின்பாதி மட்டும் 64 பிட் என்பதால், தற்செயல் மோதல் ஏறக்குறைய ஒழிந்தது. முன்பாதியை யார் கொடுப்பது என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

நடைமுறையிலோ, கூரைக்குக் கூரை கருவி கட்டி வலை பின்னும் பெர்லின் ஃப்ரைஃபுங்க் தன்னார்வலர்கள், புதிதாகச் சேருபவருக்கு இலக்கம் தர இணையத்தில் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். பெயரையும் மின்னஞ்சலையும் போட்டு அனுப்பினால், பேரேட்டைப் பார்த்து இலக்கம் தருவார்கள்.