ஒருமையில் எழுதப்பட்ட யானை

2019 பிப்ரவரியில் உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புத் தோட்டத்தில் நின்ற சின்னத்தம்பியைப் பார்க்கக் கோவையிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்றவர், "சொந்த ஊருக்குப் போகோணும்னு நடந்தே வந்துட்டானுங்க, பாருங்க" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. அந்தக் கண்ணீரின் மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம்.

நடந்தது பலருக்கும் தெரியும். 2018 டிசம்பரில் விநாயகனைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோனார்கள். 2019 ஜனவரி 25 அன்று தடாகம் பகுதியில் சின்னத்தம்பியைப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப்பை அடுத்த வரகளியாறு காட்டில் விட்டார்கள். ஒரு வாரம்கூட இருக்காது, இறங்கி வந்துவிட்டான். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பிப்ரவரி 15-ல் மறுபடி பிடித்துக் கராலில் அடைத்தார்கள்.

அந்த வாரங்களில் எழுதப்பட்ட கவிதைகளையும் பதிவுகளையும் இப்போது எடுத்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான். தனியாகப் போராடுகிறான், தனியாகத் திரும்புகிறான். 2012-ல் வந்த பிரபு சாலமனின் 'கும்கி'யில் காட்டு யானை கொம்பன் வில்லன், இங்கே நாயகன். வேஷம்தான் மாறியிருக்கிறது. இன்னொரு பக்கம் அரசுக் கோப்பிலும் 'பிரச்சினைக்குரிய யானை' என்று ஒருமைதான். எதிரும் புதிருமாக நின்ற இரண்டு தரப்புக்கும் இலக்கணம் ஒன்றாக இருந்தது.

தடாகத்தில் இருக்கும் என் மாமன் அன்று கேட்டார்: "அவனைக் கொண்டுபோயிட்டாங்க, செரி. கூடத் திரிஞ்ச பொட்ட யானையும் குட்டியும் என்னாச்சுன்னு ஒருத்தனாச்சும் எழுதுனானா மாப்ள?" அவன் ஒரு பெண் யானையோடும் குட்டியோடும் திரிந்த விஷயம் அப்போதே பத்திரிகைகளில் வந்ததுதான். ஆனால் அங்கே அது உருக்கத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். அடுத்த நாளே மறந்தாச்சு.

ஆண் யானை என்றால் தனிக்கட்டை என்ற எண்ணமே ஆட்டம் கண்டுவிட்டது. நிஷாந்த் சீனிவாசையாவும் சகாக்களும் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் படங்களால் அடையாளம் கண்டு 2019-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். விவசாய நிலங்கள் சூழ்ந்த இடங்களில் ஆண்கள் தங்களுக்குள் கூட்டமாகச் சேர்ந்து திரிகின்றன என்கிறது அது. தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க்கில் நடந்தது இன்னும் கடுமை. குரூகரில் யானைகளைக் கொன்று குறைத்தபோது மிஞ்சிய குட்டிகளை மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அந்த இளவட்டங்கள் 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் மூத்த ஆண் யானைகள் ஆறைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கின. சிங்கத்தில் கணக்கு இன்னும் நேரடி: கூட்டத்தின் ஆணைச் சுட்டுவிட்டால், புதிதாக வரும் ஆண் பழையவனின் குட்டிகளைக் கொல்லும். யானை அப்படிச் செய்யாது. அதனால்தானோ என்னவோ, ஒன்றைத் தூக்கினால் மிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

இங்கே ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைச் சொல்லாமல் முடியாது. அதே டாப்சிலிப். காட்டில் பாட்டில் உடைப்பதை என் நண்பர்கள் இருவர் நிறுத்தியதே அந்தக் கதையைப் படித்துத்தான். ஆகவே குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் அதன் கடைசிக் காட்சி இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. கூட்டம் வருகிறது, துதிக்கை தூக்கி நிற்கிறது, ஆனால் ஒரு மனிதரை வணங்குவதற்காக. அந்த யானைகளுக்குள் யார் யாருக்கு என்ன உறவு, ஒன்று போனால் யார் தடுமாறும் என்பதெல்லாம் கதையின் வெளிச்சத்துக்கு அப்பால் கிடக்கிறது. நாம் அந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தடாகத்துக்கு வந்தோம்.

2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆணை, பிடித்தார்கள். பிடிக்க உதவிய கும்கிகளில் ஒருவன் சின்னத்தம்பி. கொண்டுபோய் விட்ட இடம் அதே வரகளியாறு. அந்த மாதமே மக்னா இறங்கி நடந்து பேரூர் வரை வந்துவிட்டது. கூட்டம், செல்போன், மறுபடி லாரி. நான் இந்த முறை போகவில்லை. மாமன்தான் போன் பண்ணினார்.

"இவன் யாரை உட்டுப்போட்டு வந்தானாம்?"